சட்டையில் ஒட்டும் நிறம், சட்டையோடு சேரும் நிறம்

பொங்கலுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனிகள் விடுமுறை விட்டதும் எங்கள் பென்னாகரம் வட்டாரத்து ஊர்களுக்குப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்களில் பலருடைய முகம் எனக்குத் தெரிந்ததாக இருக்கும். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், பன்னிரண்டு முடித்துவிட்டுப் போனவர்கள், அக்காவுக்குத் துணையாகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். தருமபுரி மாவட்டத்தில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி வந்த ஒரு பழைய மாணவன் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தான். திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வேலை. திரை வைத்து அச்சடிப்பதில் கை தேர்ந்தவன். இப்போது ஊருக்கே திரும்பி வந்து கடை போட நினைக்கிறான்.

“சார், டிடிஎஃப் மெசின் ஒண்ணு லோன்ல எடுக்கலாம்னு இருக்கேன். உங்களக் கேட்டா தெரியும்னு வந்தேன். பாலியஸ்டர்ல அடிக்கிற சப்ளிமேஷன் பிரிண்ட் ஏன் சார் காட்டன்ல நிக்க மாட்டேங்குது? வெள்ளை இங்க் மட்டும் ஏன் அடிக்கடி அடைச்சிக்குது? டிஜிட்டல்ல தண்ணியே வேணாம்னு சொல்றாங்களே, நெசமா?”

மூன்று கேள்விகள். ஒன்றுக்கும் என்னால் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பதங்கமாதல், வேதிப்பிணைப்பு, பலபடிகள் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். அவனுக்கும் நடத்தியவன். லட்சக்கணக்கில் கடன் வாங்குவதற்கு முன் அவன் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் அந்தப் பாடங்களுக்குள்ளேயே கிடந்தன. அவனும் நானும் அவற்றைப் பார்க்கவில்லை. அதன் பிறகு தேடிப் படித்தும், இரண்டு மூன்று பட்டறைகளில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய பழைய தொழில். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. அந்தச் சட்டைகளில் உள்ள படங்களில் பெரும்பகுதி இன்றும் திரை அச்சுதான். மரம் அல்லது அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. அதன் மீது ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசுவார்கள். படம் உள்ள இடத்தைக் கறுப்பாக மறைத்து வெளிச்சம் காட்டினால், மற்ற இடமெல்லாம் இறுகிவிடும், மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து திறந்துகொள்ளும். அந்தத் துளைகள் வழியாக ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் துணியில் படம் விழும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. படத்தில் ஆறு நிறம் என்றால் ஆறு திரை, ஆறு முறை ஒரே இடத்தில் இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். நீளமான மேசையில் வெட்டிய துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டிவைத்து, இரண்டு பேர் திரையைத் தூக்கிக்கொண்டு மேசை முழுவதும் நடந்துகொண்டே அடிப்பதைப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய கைத்திறன் என்பது புரியும்.

டிஜிட்டல் முறையில் திரை கிடையாது. கணினியில் உள்ள படம் நேரே துணிக்குப் போகிறது. நம் தலைமையாசிரியர் அறையில் இருக்கும் இங்க்ஜெட் அச்சுப்பொறியின் அண்ணன்தான் அது. மைத்துளியைத் தெறிக்க வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நுண்ணிய குழாயில் உள்ள மையைச் சட்டெனச் சூடாக்கி, உண்டாகும் ஆவிக் குமிழின் தள்ளலில் துளியை வெளியேற்றுவது. 1977இல் ஜப்பானின் கேனன் நிறுவன ஆய்வகத்தில் மை நிரம்பிய ஊசிக்குழலின் மீது சூடான பற்றவைப்புக் கம்பி தற்செயலாகப் பட்டு, மை பீறிட்டதைக் கண்டுதான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். மற்றொன்று, மின்னழுத்தம் கொடுத்தால் உருமாறும் படிகங்களைக் கொண்டு மைக்குழாயை அழுத்துவது. படிகத்தை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதைப் பியரி கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தார்கள். அதன் மறுதலையைத்தான் இங்கே பயன்படுத்துகிறார்கள். துணி அச்சு இயந்திரங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

துளியின் அளவைப் பிகோலிட்டரில் சொல்கிறார்கள். ஒரு லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர். ஒரு துளி 10 பிகோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 மில்லிலிட்டர் மையில் எத்தனை துளிகள்? அடுக்குக்குறி நடத்தும் கணித ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்: 10 கோடி வரும். அந்தத் துளியைக் கோளமாகக் கொண்டு விட்டம் கண்டால் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறத் துளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தெளித்தே ஆயிரக்கணக்கான நிறங்களைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது இயந்திரம்.

அச்சுக் கட்டையும் திரையும் இல்லாமல் துணியில் நேராக வரைவது நமக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்துக் கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் சேலைகளில் கலம் என்ற எழுதுகோலால் வரைந்திருக்கிறார்கள். கலம்காரி என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஆனால் அங்கேயும் வரைவது பாதி வேலை. சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளப் படிகாரம் போன்ற ஒன்று வேண்டும். இது முக்கியமான இடம், இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். துளியை எவ்வளவு நுட்பமாகத் தெளித்தாலும், அது நூலோடு எப்படிச் சேர்கிறது என்பதுதான் பத்துத் துவைப்புக்குப் பிறகு சட்டையில் படம் இருக்குமா இருக்காதா என்று தீர்மானிக்கிறது. டிஜிட்டல் அச்சு என்று ஒரே பெயரில் சொல்லப்படும் முறைகளைப் பிரிப்பதும் இந்தச் சேர்க்கைதான்.

பருத்தியோடு மிக உறுதியாகச் சேர்வது வினைபுரி சாயம், பட்டறைப் பேச்சில் ரியாக்டிவ். பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலி நெடுகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் தொங்குகின்றன. காரச் சூழலில் சாய மூலக்கூறு அந்தத் தொகுதிகளோடு சகப்பிணைப்பு கொள்கிறது. அதாவது சாயம் நூலின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் இவ்வகைச் சாயங்களை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிஜிட்டல் முறையில் இதை அச்சடிக்க, துணியை முதலில் சோடா, யூரியா, கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் ஆகியவை கலந்த கரைசலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இவற்றை மையிலேயே கலந்துவிட்டால் என்ன என்று தோன்றும். காரம் சேர்ந்தால் மை புட்டியிலேயே வீணாகிவிடும், ஆல்ஜினேட் சேர்ந்தால் கெட்டியாகி நுண்துளைகளை அடைத்துவிடும். அச்சடித்த பிறகு சுமார் 100 டிகிரி செல்சியஸ் நீராவியில் ஏறக்குறைய பத்து நிமிடம் வைத்தால்தான் பிணைப்பு நடக்கும். கடைசியில் நன்றாக அலச வேண்டும். சுருள் சுருளாகத் துணி அடிக்கும் ஆலைக்கு ஏற்றது இது. தெருமுனைக் கடைக்கு ஆகாது.

இரண்டாவது, சப்ளிமேஷன். நாம் அந்துருண்டையையும் கற்பூரத்தையும் காட்டி நடத்தும் அதே பதங்கமாதல். முதலில் சிறப்புக் காகிதத்தில் படத்தை அச்சடித்துக்கொள்கிறார்கள். காகிதத்தைப் பாலியஸ்டர் துணிமீது கவிழ்த்துச் சுமார் 200 டிகிரியில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்துகிறார்கள். சாயம் திண்மத்திலிருந்து நேராக ஆவியாகிறது. அந்தச் சூட்டில் பாலியஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்து இடைவெளி விடுகின்றன. ஆவி உள்ளே புகுகிறது. சூடு தணிந்ததும் சங்கிலிகள் நெருங்கி, சாயம் இழைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது. நம் பள்ளிக் கபடி அணியின் பளபளப்பான சட்டைகளைத் தடவிப் பாருங்கள்.

மாணவனின் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. சூடாக்கினால் தளர்ந்து வழிவிடும் அமைப்பு பருத்திக்குக் கிடையாது. தண்ணீரை விரும்பும் செல்லுலோஸோடு இந்தச் சாயத்துக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலாகப் படிந்து நின்று, துவைக்கும்போது போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டு விழாவுக்காக நாங்கள் வாங்கிய சட்டைகளுக்கு இதுதான் நடந்தது. வெயிலுக்கு நல்லது என்று பருத்திச் சட்டையாகப் பார்த்து வாங்கி, ஒரு கடையில் கொடுத்து அதில் சப்ளிமேஷன் அடிக்கச் சொன்னோம். கடைக்காரர் மறுப்புச் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மூன்றாவது துவைப்பில் பள்ளியின் பெயர் மங்கிவிட்டது. அறிவியல் ஆசிரியர்கள் நான்கு பேர் உள்ள பள்ளி எங்களுடையது!

மூன்றாவது, நிறமி மை. நிறமி நீரில் கரையாத நுண்துகள். அது நூலோடு வினைபுரிவதும் இல்லை, உள்ளே புகுவதும் இல்லை. மையோடு கலந்துள்ள பிசின் சூட்டில் இறுகி, துகள்களை நூலின் மேல் பிடித்து வைக்கிறது. தைத்து முடித்த சட்டையை அப்படியே இயந்திரத்தில் மாட்டி அடிப்பதை டி.டி.ஜி. என்கிறார்கள்; அதில் பெரும்பாலும் இந்த மைதான். கறுப்புச் சட்டை என்றால் முதலில் வெள்ளை அடித்தளம் போட்டு, அதன் மேல் மற்ற நிறங்களைத் தெளிக்க வேண்டும். கறுப்புத் தாளில் மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் பார்த்த குழந்தைக்கு இதன் காரணம் தெரியும்.

நான்காவது, அவன் கேட்ட டி.டி.எஃப். துணியைத் தொடாமலே முதல் பாதி வேலை முடிந்துவிடும். ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தில் படத்தை இடவல மாற்றத்தோடு அச்சடிக்கிறார்கள். முதலில் நிறங்கள், அவற்றின் மேல் வெள்ளை. ஈரம் காயும் முன் உருகும் பசைத் தூளைத் தூவி, ஒட்டாததை உதறிவிட்டுச் சூடாக்குகிறார்கள். தூள் உருகிப் படத்தின் முதுகில் பசையாகப் படிகிறது. பிறகு அதைச் சட்டைமீது கவிழ்த்து, சுமார் 150 டிகிரியில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, படலத்தை உரித்துவிட்டால் படம் சட்டையில் நிற்கும். பருத்தி, பாலியஸ்டர், கலப்புத் துணி எதிலும் ஒட்டும். துணியின் வேதியியல் என்னவென்று அது கேட்பதில்லை, ஏனென்றால் சேர்வது பசையால். இப்போது சின்ன ஊர்களில்கூட இந்தக் கடைகள் பெருகுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் படம் பெரிதாக இருந்தால் மார்பில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டியதுபோல வியர்க்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது பெரிய குறைதான் என்பது என் கருத்து. நான் கேட்டால் சிறிய எழுத்து, சிறிய சின்னம் ஆகியவற்றோடு டி.டி.எஃப்.பை நிறுத்திக்கொள்ளலாம் என்பேன்.

இரண்டாவது கேள்வி, வெள்ளை மை. வெள்ளை நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. நீரைப்போல நான்கு மடங்கு அடர்த்தி உடையது. சுண்ணாம்பு கரைத்த வாளியைக் கிளறாமல் விட்டால் அடியில் தங்குவதுபோல, இயந்திரத்தை இரண்டு நாள் சும்மா போட்டால் மை குழாயிலேயே படிந்துவிடும். அதனால்தான் அந்த மையை ஓயாமல் சுழலவும் கலங்கவும் விடுகிறார்கள். மின்சாரம் நின்றால் சுழற்சி நின்றுவிடும். காற்று மிக வறண்டிருந்தால் மை துளையின் வாயிலேயே காய்ந்துவிடும். பங்குனி சித்திரையில் நம் பக்கத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும்? தினமும் அடிக்க ஆர்டர் வேண்டும், மின்தடையைச் சமாளிக்க ஏற்பாடு வேண்டும், அறையின் வெப்பமும் ஈரப்பதமும் கையில் இருக்க வேண்டும். அச்சுத்தலை ஒன்று பழுதானால் மாற்றும் செலவு சிறு கடைக்குத் தாங்காது. இயந்திரம் விற்க வருகிறவர் இதைக் கடைசியாகத்தான் சொல்வார்.

மூன்றாவது கேள்விதான் எனக்குக் கனமாக இருந்தது. தண்ணீர் வேண்டாமா? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலின் கதையை நாம் அறிவோம். பருத்தியை வினைபுரி சாயத்தில் தோய்க்கும்போது, சாயத்தை நூலை நோக்கித் தள்ள ஏராளமான உப்பு சேர்க்கிறார்கள். அந்த உப்பும், நூலோடு சேராமல் நீரோடு வினைபுரிந்து வீணான சாயமும் கழிவுநீரில் போயின. ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கிப் பாசன நிலங்கள் உவர்த்துப் போயின. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். திருப்பூரின் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த மாதங்களில் நம் மாவட்டத்துக்குத் திரும்பி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கல்வியாண்டின் நடுவே குழந்தைகளைச் சேர்க்க அழைத்து வந்தார்கள். பின்னர், ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத சுத்திகரிப்பு என்ற நிபந்தனையோடு பட்டறைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின.

சப்ளிமேஷன், நிறமி, டி.டி.எஃப். ஆகிய மூன்றிலும் அச்சடிக்கும் கட்டத்தில் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் ரியாக்டிவ் டிஜிட்டலில் நீராவியும் அலசலும் உண்டு. மேலும் படம் அடிப்பதற்கு முன்பே அந்தச் சிவப்புச் சட்டையின் சிவப்பு எங்கிருந்து வந்தது? சாயப்பட்டறையிலிருந்து. அச்சு டிஜிட்டல் ஆனதால் சட்டையே தண்ணீர் இல்லாமல் ஆகிவிடவில்லை. டி.டி.எஃப்.பில் உரித்துப்போடும் பிளாஸ்டிக் படலம் வேறு மலைபோலச் சேர்கிறது. “தண்ணீரே இல்லாத அச்சு” என்ற விளம்பரத்தை வகுப்பில் வைத்து, இதில் எது மெய், எது பாதி மெய் என்று பிரிக்கச் சொல்லலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே பிரிப்பார்கள்.

அவனுக்குக் கடைசியில் உதவியது வேதியியலைவிடக் கணக்குதான் என்று நினைக்கிறேன். நான்கு நிறப் படத்துக்குத் திரை அமைக்க 2000 ரூபாய், பிறகு ஒரு சட்டைக்கு 10 ரூபாய் என்று கொள்வோம். டிஜிட்டலில் தொடக்கச் செலவு இல்லை, ஒரு சட்டைக்கு 50 ரூபாய். (இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள், ஊருக்கு ஊர் மாறும்.) 2000 + 10x = 50x. x = 50. ஐம்பது சட்டைக்குக் குறைந்தால் டிஜிட்டல், கூடினால் திரை. நேரிய சமன்பாடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியை வரைபடத்தில் காட்டும்போது மாணவர்கள் “இது எதுக்கு சார்?” என்று கேட்பார்கள் அல்லவா, அவர்களுக்கு இதைக் காட்டலாம். கோயில் திருவிழாவுக்கு இருபது சட்டை, கிரிக்கெட் அணிக்குப் பதினைந்து சட்டை, பிறந்தநாளுக்கு ஒரே ஒரு சட்டை என்று வருவதுதான் நம் ஊர் ஆர்டர். அதற்கு டிஜிட்டல் சரி. பள்ளிக்கூடத்துக்கு ஐந்நூறு சட்டை என்றால் அவன் கையில் ஏற்கெனவே இருக்கும் திரைத் தொழிலே லாபம். இரண்டு கணக்கையும் நோட்டில் போட்டுப் பார்த்தவன், அச்சுப்பொறி வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்தான். படலத்தில் அச்சடித்து மீட்டர் கணக்கில் தரும் கடைகள் இருக்கின்றன. அங்கே அடித்து வாங்கிக்கொண்டு, சூட்டு அழுத்தும் இயந்திரம் ஒன்றை மட்டும் வாங்கினான். கூடவே நான்கு திரைகளும் ஒரு மேசையும்.

கடந்த பருவத்தில் அவனை ஒன்பதாம் வகுப்புக்கு அழைத்து வந்தேன். ஒரே சப்ளிமேஷன் காகிதத்தை இரண்டாக வெட்டி, ஒன்றைப் பருத்தித் துணியிலும் மற்றொன்றைப் பாலியஸ்டர் துணியிலும் அவன் அழுத்திக் காட்டினான். இரண்டையும் பிள்ளைகளே சோப்புப் போட்டுத் துவைத்தார்கள். பாலியஸ்டரில் பூ அப்படியே இருந்தது, பருத்தியில் வெளிறிப்போனது. துவைத்த தண்ணீரின் நிறத்தையும் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி ஒப்பிட்டார்கள். எந்த இழை எது என்று கண்டுபிடிக்க ஓரத்து நூலை இடுக்கியில் பிடித்து நான் எரித்துக் காட்டினேன்: காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலானது பருத்தி, உருகிக் கெட்டி மணியானது பாலியஸ்டர். (இதை மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டினால் புண்ணாகிவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.) சூட்டு இயந்திரம் கிடைக்காத பள்ளிகளில், வீட்டிலிருந்து பழைய அச்சுச் சட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி உருப்பெருக்கியில் பார்க்க வைத்தாலே போதும். எது நூலுக்குள் இருக்கிறது, எது மேலே படிந்து வெடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தடவிப் பார்த்து “வழுவழு”, “சொரசொர” என்று இரண்டு குவியலாகப் பிரிப்பார்கள்.

வகுப்பு முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். “சார், துவைச்சாப் போவாத சாயம் வெயில்ல காயப்போட்டா மட்டும் ஏன் சார் வெளுக்குது?” தண்ணீர் நூலுக்கும் சாயத்துக்கும் உள்ள பிடிப்பைத்தான் சோதிக்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிர்களோ சாய மூலக்கூறில் நிறத்தைத் தரும் பிணைப்புகளையே உடைக்கின்றன என்று சொன்னேன். அவள் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. அந்தப் பாலியஸ்டர் துண்டின் பாதியை அட்டையால் மூடிக் கட்டி, பள்ளி மொட்டை மாடியில் வைத்திருக்கிறோம். தினமும் மதிய உணவுக்குப் பிறகு இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து தேதியோடு நோட்டில் எழுதுகிறார்கள்.